ஸ்கேன் படத்தில் தெரியாத நோய்: மட்டக்களப்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

அந்த அம்மா கதிரையில் உட்கார்ந்ததும் முதலில் நீட்டியது ஒரு மண்ணிற உறை. ஓரங்கள் மடிந்து, எப்போதோ மழையில் நனைந்து காய்ந்த உறை. உள்ளே மகளின் தலையை சீ.டி. ஸ்கேன் எடுத்த படம் இருந்தது. அதை அவரே உருவி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இதில ஒண்டுமில்லையாம் மிஸ். ஒண்டுமில்லையெண்டா இவள் ஏன் இப்பிடி இருக்காள்?"

பக்கத்தில் மகள். வயது 24. சட்டைக் கையின் நுனியை இழுத்து மணிக்கட்டை மூடியபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழும்புக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காகக் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கவும் அம்மா தயார். "ஒருக்கா அதையும் பாத்திட்டா மனசு ஆறும். மறுகா நீங்க சொல்லுறதக் கேக்கிறம்."

மட்டக்களப்பில் மனநலப் பிரிவொன்றில் உளவளத்துணையாளராக இருக்கும் நான் இந்தக் கேள்வியைப் பல வாய்களில் கேட்டிருக்கிறேன். கோளாறு மூளையில்தானே, பிறகு ஏன் படத்தில் தெரியவில்லை? நியாயமான கேள்வி. அதற்கு ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லாததால் இந்தக் குடும்பம் என்ன பாடுபட்டது, பதில் கிடைத்த பிறகு என்ன மாறியது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் வருபவள் தனி ஒருத்தி இல்லை. கிளினிக்கில் சந்தித்த சிலரிடம் கண்டவற்றைச் சேர்த்து, ஊர், தொழில், குடும்ப விவரங்களை மாற்றி, ஒரே ஆளாக எழுதியிருக்கிறேன். அவளைத் தங்கச்சி என்றே குறிப்பிடுகிறேன். கிளினிக்கில் நான் கூப்பிடுவதும் அப்படித்தான்.

பின்கதை

தங்கச்சியின் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். வளர்த்தது அம்மம்மா. அப்பா வீட்டில் இருந்தார், ஆனால் குடி. 2007 இன் தொடக்கத்தில் சண்டை படுவான்கரைக்குள் வந்தபோது அவளுக்கு ஏழு வயது. மண்முனைத் துறையில் அப்போது பாலம் இல்லை, அது திறக்கப்பட்டது 2014 இல். அம்மம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்ததும், மறுகரையான எழுவான்கரையில் கூடாரத்துக்குள் வெக்கையில் கிடந்ததும் அவளுக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்த முகாமில் நடந்த வேறொன்றும் நினைவிருக்கிறது. அதை அவள் என்னிடம் சொன்னது பதினொராவது சந்திப்பில். அது இங்கே வேண்டாம்.

அம்மா திரும்பி வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. "ஒரு பொம்பிள சூட்கேசோட வந்து நிண்டா மிஸ். அம்மம்மா சொன்னா, இதான் உன்ட அம்மாவெண்டு."

படிப்பில் கெட்டிக்காரி. உயர்தரத்தில் கலைப் பிரிவில் நல்ல பெறுபேறு, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி மட்டும் கொஞ்சத்தில் தவறியது. அதன் பிறகு கொமினிகேஷன் கடைகளில் வேலை. போட்டோ கொப்பி அடிப்பது, தமிழில் டைப் பண்ணுவது, விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. விரல் வேகம் அபாரம். ஆனால் எந்தக் கடையிலும் ஆறு மாதம் தாண்டவில்லை. முதல் மாதம் முதலாளி தெய்வம். பிறகு ஒரு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் அன்று பின்னேரமே அவர் மனிதரே இல்லை. மறுநாள் வேலைக்குப் போக மாட்டாள். சிநேகிதிகளிடமும் இதே கதைதான், காதலித்தவனிடமும் இதே கதைதான். விட்டுப்போய்விடுவார்களோ என்ற பயத்தில் நாற்பது தடவை கோல் எடுப்பாள். அந்தத் தொல்லை தாங்காமல் அவர்கள் விலகுவார்கள். பார்த்தீர்களா, நான் சொன்னது நடந்துவிட்டதே என்பாள்.

தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு இரண்டு தடவை வார்டில் இருந்திருக்கிறாள். இரண்டாவது தடவை ஒரு வைத்தியசாலையில்தான் சீ.டி. எடுத்திருக்கிறார்கள். வலிப்புக்கான காரணமோ இரத்தக் கசிவோ இருக்கிறதா என்று பார்க்க எடுத்தது, அதில் பிழையில்லை. பிழை அடுத்த நாள் நடந்தது. படத்தைப் பார்த்துவிட்டு, "தலையில ஒண்டுமில்ல அம்மா, மகள் மற்றவங்கட கவனத்தை இழுக்கச் செய்யிற வேலை இது" என்று கட்டிலருகிலேயே ஒருவர் சொல்லி டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் 'நடிப்புக்காரி'. அவள் அழுதால் தம்பி கைதட்டுவான். அதை அவள் சொன்னபோது குரல் ஏறவில்லை, கண் கலங்கவில்லை. கைச்சட்டை நூலைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

நோயைத் தீர்மானித்த விதம்

எங்கள் மனநல வைத்திய நிபுணர் மூன்று சந்திப்புகளுக்குப் பிறகே பெயர் வைத்தார்: எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. இந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது. 1938 இல் அடோல்ஃப் ஸ்டேர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர், ஒருபக்கம் நியூரோசிஸ் (பதற்றம் போன்ற மனத்தொல்லைகள்) என்றும் மறுபக்கம் சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை) என்றும் அக்காலத்தில் வகுத்திருந்தவற்றின் நடுவே நின்றவர்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் அது. அந்த எல்லைக்கோடே பிறகு அழிந்துபோனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் தனி நோயாகச் சேர்த்தார்கள்.

இன்றைய கையேட்டில் ஒன்பது அடையாளங்கள் இருக்கின்றன. ஐந்து இருந்தால் போதும். கணக்குப் போட்டால் 256 விதமாக ஒருவர் இந்த நோய்க்குள் வரலாம். இரண்டு நோயாளிகளுக்கு இடையே ஒரேயொரு அடையாளம் மட்டும் பொதுவாக இருப்பதும் நடக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மூளைப் படங்களைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும். தங்கச்சிக்கு ஏழு அடையாளங்கள் இருந்தன.

இருதுருவ நோயோ என்ற சந்தேகம் முதலில் இருந்தது, ஏனென்றால் மனநிலை அப்படி ஆடியது. ஆனால் இருதுருவ நோயில் ஓர் ஏற்றம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். இவளுக்குக் காலையில் ஏறியது மத்தியானம் இறங்கியது, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். தைரொயிட் பார்த்தோம், சரி. முகாம் அனுபவத்தின் வடுவும் சேர்ந்தே இருந்தது, அதைத் தனியாகவும் குறித்துக்கொண்டோம்.

நூறிலிருந்து ஏழேழாக

முதல் நாள் வழமையான சின்னச் சோதனைகள் செய்தேன். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னேன். 93, 86, 79, 72, 65. மூச்சு விடாமல் சொன்னாள். ஐந்து இலக்கங்களைப் பின்னாலிருந்து சொன்னாள். மணிக்கூட்டை வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைத்தாள். கொப்பியில் "கவனம், வேலை நினைவு இயல்பு" என்று எழுதினேன்.

மூன்றாவது சந்திப்பு. பஸ்ஸில் வரும்போது சிநேகிதிக்கு வட்ஸ்அப் அனுப்பியிருக்கிறாள். இரண்டு நீலச் சரி விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. உள்ளே வந்தவளின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஏதோ தோன்றி, அதே கணக்கைக் கேட்டேன். "93... 86..." நின்றாள். "78." மறுபடி நின்றாள். "எத்தினையில நிண்டேன் மிஸ்?" பிறகு முகத்தை மூடிக்கொண்டு, "எனக்கு மூளையே இல்ல" என்று அழத் தொடங்கினாள்.

பின்பக்கம் கூட்டிப்போய்க் குழாயடியில் முகத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் அடிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருவரும் வேப்பமர நிழலில் இருந்தோம். இருபது நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டேன். 65 இல் நிற்கவில்லை. 58, 51 என்று இறங்கி, கடைசியில் 2 வரை வந்து, இனிக் கழிக்க ஏலாது என்றாள்.

இது ஆராய்ச்சி இல்லை. ஒரு கணக்கை இரண்டாம் முறை கேட்டால் எவருக்கும் கொஞ்சம் இலகுவாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த இருபது நிமிடம் எனக்கு இந்த நோயைப் பற்றி நிறையச் சொல்லிக் கொடுத்தது. அமைதியான அறையில், கதவைச் சாத்தி, மின்விசிறிக்குக் கீழே வைத்து அளந்த அறிவு அவளுடைய வாழ்க்கையில் அவளுக்குத் தேவைப்படுகிற நேரத்தில் கையில் இருப்பதில்லை. முதல் நாள் நான் எழுதிய "இயல்பு" பொய்யில்லை, ஆனால் அது பாதிதான்.

அந்தோணி ருவோக்கோ என்ற ஆய்வாளர் 2005 இல் வெளியிட்ட தொகுப்பாய்வு அதுவரை நடந்த அறிகைச் சோதனைகளை, அதாவது சிந்தனைத் திறன் சோதனைகளை, ஒன்றாக்கிப் பார்த்தது. கவனம், மனதை மாற்றிக்கொள்ளும் நெகிழ்வு, கற்றலும் நினைவும், திட்டமிடல், யோசனை வேகம், இடம் வடிவங்களைப் புரிந்துகொள்ளல் என்று எல்லாவற்றிலும் இந்த நோயுள்ளவர்கள் சராசரியாகப் பின்தங்கியிருந்தார்கள். அதிலும் திட்டமிடலில்தான் இடைவெளி பெரிது. இதைப் படித்திருந்தும் நான் ஒரு தவறு செய்தேன். தினமும் நிரப்பச் சொல்லி ஏழு நிரல்கள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தேன்: என்ன நடந்தது, என்ன நினைத்தாய், எத்தனை வீதம் கோபம், இப்படி. மூன்று வாரம் வெறும் தாளாகவே திரும்பி வந்தது. ஒத்துழைக்க மனமில்லை என்று நான்கூட ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, உணர்ச்சி கொதிக்கும் நேரத்தில் ஏழு நிரல்களைத் திட்டமிட்டு நிரப்புவது அவளால் ஏலாத வேலை என்று. தாளை எடுத்துவிட்டு, வீட்டுக் கலண்டரில் ஒரு நாளைக்கு ஒரு புள்ளி போடச் சொன்னேன். கொதித்த நாளுக்குச் சிவப்பு, மற்ற நாளுக்கு நீலம். அது நடந்தது.

ஸ்கேன் என்ன காட்டும்

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அவருக்கு நான் சொன்ன உவமையையே இங்கும் சொல்கிறேன். வாவியின் வரைபடத்தைப் பார்த்தால் கரை தெரியும், தீவு தெரியும், முகத்துவாரம் எங்கே என்று தெரியும். ஆனால் வெள்ளக் காலத்தில் ஆற்றுவாய் வெட்டிய அன்று தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக ஓடியது என்று அந்த வரைபடத்தில் தெரியாது. சீ.டி.யும் சாதாரண எம்.ஆர்.ஐ.யும் வரைபடம். கட்டி, கசிவு, அடைப்பு இருந்தால் காட்டும். தங்கச்சியின் நோய் ஓட்டத்தில் இருப்பது.

ஓட்டத்தைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது: செயற்பாட்டு எம்.ஆர்.ஐ. 1990 இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய அறிவியலாளர் காட்டிய ஓர் இயல்பின் மேல் அது நிற்கிறது. ஒட்சிசன் ஏற்றிய இரத்தமும் இறக்கிய இரத்தமும் காந்தப் புலத்தில் வேறுவிதமாக நடந்துகொள்கின்றன. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் சில செக்கன்களில் அங்கே புது இரத்தம் கூடும், அந்த வித்தியாசத்தைக் கருவி பிடித்துவிடும். குழாய்க்குள் படுத்திருப்பவருக்குப் படமோ சொல்லோ காட்டி, அந்த நேரத்தில் எங்கே இரத்தம் கூடுகிறது என்று பார்ப்பார்கள்.

இந்த நோயில் அப்படிப் பார்த்தவற்றில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது 2003 இல் டொனகனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு. இந்த நோயுள்ள 15 பேருக்கும் நோயற்ற 15 பேருக்கும் முகப்படங்களைக் காட்டினார்கள். பயந்த முகம், சோகமான முகம், சந்தோஷமான முகம், எந்த உணர்ச்சியும் இல்லாத முகம். நோயுள்ளவர்களின் இடது அமிக்டலா, அதாவது காதுக்கு உட்புறமாக ஆழத்தில் இருக்கும் பாதாம் பருப்பு வடிவப் பகுதி, ஆபத்தை முகர்ந்து மணியடிக்கும் இடம், எல்லா முகங்களுக்கும் அதிகமாக எழுந்தது. வெறும் முகத்துக்கும்தான். பிறகு கேட்டபோது சிலர் அந்த வெறும் முகங்கள் தங்களைப் பயமுறுத்துவதாக, ஏதோ கெட்டது நினைப்பதாகச் சொன்னார்கள்.

இதை நான் படித்தது பல வருடங்களுக்கு முன். விளங்கியது தங்கச்சியிடம்தான். ஒரு நாள் அவள் பேசிக்கொண்டிருக்க நான் குனிந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். சட்டென்று பேச்சு நின்றது. நிமிர்ந்தால், "மிஸ் ஏன் என்னில கோவமா இருக்கீங்க?" என்றாள். கண் நிறைந்திருந்தது. நான் கோபப்படவில்லை, எழுதினேன், அவ்வளவுதான். என் முகத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது. முதலாளி முகம் கொடுக்காத நாள், பதில் வராத நீலச் சரி, அம்மா விமான நிலையத்தில் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போன அந்தக் காலை, எல்லாம் அவளுக்கு ஒரே முகம்.

மணி அதிகமாக அடிப்பது ஒரு பாதி. மறுபாதி, அதை அடக்கும் கை தளர்வது. 2007 இல் சில்பர்ஸ்வைக் குழுவினர் ஸ்கேனுக்குள் சொற்களைக் காட்டினார்கள். நேர் எழுத்தில் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், சாய்ந்த எழுத்தில் வந்தால் அழுத்தக்கூடாது. சில சொற்கள் சாதாரணமானவை, சில மனதைக் குத்துபவை. குத்தும் சொல் சாய்ந்த எழுத்தில் வரும்போது, அதாவது மனம் கொதிக்கையில் கையை நிறுத்தவேண்டிய அந்தக் கணத்தில், நெற்றிக்குப் பின்னால் நடுக்கீழ்ப் பகுதியில் இருக்கும் முன்மூளை நோயுள்ளவர்களிடம் குறைவாக வேலை செய்தது. நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தவள் 78 இல் தடுமாறியது எனக்கு அந்த இடத்தில்தான் போய் நிற்கிறது.

நம்பிக்கை பற்றிய ஆய்வொன்று 2008 இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்தது, கிங் காசஸும் சகபாடிகளும் எழுதியது. இருவர் விளையாடும் பண விளையாட்டு. ஒருவர் முதல் போடுவார், அது மூன்று மடங்காகி மற்றவரிடம் போகும், அவர் விரும்பியதைத் திருப்பிக் கொடுப்பார். பத்துச் சுற்று. முதல் போடுபவர் நம்பிக்கை குறைந்து சின்னத் தொகை போட்டால், சாதாரணமாக மற்றவர் என்ன செய்வார்? அடுத்த தடவை கொஞ்சம் தாராளமாகக் கொடுத்து மனதை வெல்வார். நோயுள்ள 55 பேர் அதைச் செய்தது குறைவு. உறவு சுற்றுக்குச் சுற்று சரிந்துபோனது. மற்றவர்களுக்குச் சின்னத் தொகை வந்தவுடன் 'ஏதோ சரியில்லை' என்று எழும் முன்புற இன்சுலா என்ற மூளைப் பகுதி, இவர்களிடம் அந்தத் தொகையைக் கண்டு எழும்பவே இல்லை. மனிதர்கள் குறைவாகத்தான் தருவார்கள் என்பதே அவர்களுக்கு வழமை, அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

தங்கச்சி ஊரில் எட்டுப் பேரோடு சீட்டுப் பிடித்தாள். நாலாவது மாதம் ஒரு சிநேகிதி ஆயிரம் ரூபாய் குறைவாகக் கொண்டுவந்து, அடுத்த கிழமை தருகிறேன் என்றாள். தங்கச்சி அன்றே சண்டை பிடித்துச் சீட்டை உடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "ஏமாத்தத்தான் போறாளெண்டு எனக்கு முதல்லயே தெரியும்" என்றாள். அந்தச் சிநேகிதியின் பிள்ளைக்கு அன்று காய்ச்சல்.

எவ்வளவு நம்பலாம்

இவ்வளவும் சொன்ன பிறகு அம்மா கேட்டார், அப்படியானால் அந்த ஸ்கேனையே எடுக்கலாமே என்று. எடுக்கலாம், ஆனால் அதில் 'இவளுக்கு இந்த நோய்' என்று எழுதி வராது. மேலே சொன்னவை எல்லாம் ஒரு கூட்டத்தின் சராசரிக்கும் இன்னொரு கூட்டத்தின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம். நோயுள்ள ஒருவரின் அமிக்டலா நோயற்ற ஒருவருடையதை விட அமைதியாகவும் இருக்கலாம். தனி ஆளுக்கு இந்த நோய் உண்டா இல்லையா என்று சொல்லும் ஸ்கேன் உலகத்தில் எங்கும் இல்லை. யாராவது காசு வாங்கிக்கொண்டு அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசுவதில்லை. 2000 இல் ட்ரீசன் குழுவினர் நோயுள்ள 21 பெண்களின் ஹிப்போகாம்பஸ் (நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி) சுமார் 16 சதவீதமும் அமிக்டலா சுமார் 8 சதவீதமும் சிறிதாக இருப்பதாக அளந்தார்கள். ஆனால் சிறுவயதில் கொடுமையை அனுபவித்தவர்களிடமும் ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பது தெரிந்த விஷயம். இது நோயின் அடையாளமா, சிறுவயதின் அடையாளமா என்று பிரிப்பது கஷ்டம். 2016 இல் ஷுல்ட்ஸ, ஷ்மால், நீட்ஃபெல்ட் மூவரும் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அமிக்டலாவின் அதிக எழுச்சி மருந்து எடுக்காதவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. இதற்கு முன் வந்த ஒரு தொகுப்பாய்வு அமிக்டலாவில் குறைவையே கண்டிருந்தது. 256 விதமான ஆட்களை ஒரே பெயருக்குக் கீழ் வைத்து அளந்தால் வேறென்ன வரும்?

கருவியும் ஏமாற்றக்கூடியது. 2009 இல் கிரெய்க் பெனெட் என்ற ஆய்வாளர் ஒரு செத்த சால்மன் மீனைச் செயற்பாட்டு எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து, அதற்கு மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகும் படங்களைக் காட்டி, கணக்கை அசட்டையாகப் போட்டால் அந்த மீனின் தலைக்குள்ளும் 'செயற்பாடு' தெரியும் என்று காட்டினார். ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதித்தால் சிலது தற்செயலாக ஒளிரத்தான் செய்யும். அந்த எச்சரிக்கைக்குப் பிறகு கணக்கு முறைகள் இறுகின. அதற்கு முன் வந்த சின்ன ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு அந்த மீன் ஞாபகம் வரும்.

சிகிச்சை

சங்கிலி அடகுக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக அம்மாவையும் தம்பியையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினோம். வாவி, மணி, மணியை அடக்கும் கை. தம்பிக்கு மோட்டார் சைக்கிள் தெரியும், அதனால் எக்ஸிலேட்டர் இறுகி பிரேக் தளர்ந்த சைக்கிள் என்று சொன்னேன். அவன் நிறைய நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அக்கா வேணுமெண்டு செய்யல்லையா?" என்று கேட்டான். தங்கச்சி முதன்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவன் கைதட்டவில்லை.

ஸ்கேன் ஆராய்ச்சியால் எங்களைப் போன்ற கிளினிக்குக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் கேள்வியைத்தான். அவளுடைய மூளையை யாரும் படம் பிடிக்கவில்லை. எங்கோ படுத்திருந்த வேறு பேருடைய படங்கள் அவள் மேல் ஒட்டியிருந்த ஒரு பெயரைக் கழற்றின.

மருந்து அதிகம் உதவவில்லை. சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2009 இல் வெளியிட்ட வழிகாட்டியே, இந்த நோய்க்கென்று தனியாக மருந்து கொடுக்க வேண்டாம் என்கிறது. தங்கச்சி வரும்போது வெவ்வேறு இடங்களில் எழுதிய மூன்று வகை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாள். மனநல வைத்திய நிபுணர் மாதக்கணக்கில் மெல்லக் குறைத்து ஒன்றில் நிறுத்தினார். இருந்த மனச்சோர்வுக்கு அது.

பேச்சுச் சிகிச்சைக்குத்தான் நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் இவர்களுக்கென்றே உருவாக்கிய டி.பி.டி. (இயங்கியல் நடத்தைச் சிகிச்சை) என்ற சிகிச்சையின் முதல் பெரிய ஆய்வு 1991 இல் வந்தது. தன்னைக் காயப்படுத்துவது அதில் குறைந்தது. இளவயதில் தானும் இதே வேதனையில் வார்டில் கிடந்தவர் என்று 2011 இல் லினெஹன் வெளிப்படையாகச் சொன்னார். அதைத் தங்கச்சியிடம் சொன்னபோது, "அவங்க டொக்டரா?" என்று இரண்டு தடவை கேட்டாள். 2014 இல் குட்மன் குழுவினர், ஒரு வருட டி.பி.டி.க்கு முன்னும் பின்னும் 11 பேரை ஸ்கேன் செய்து, அமிக்டலாவின் எழுச்சி குறைந்திருப்பதைக் கண்டார்கள். பதினொரு பேர் என்பது சின்னக் கணக்கு. ஆனாலும் நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் கிளினிக்கில் அந்தச் சிகிச்சையை முழுமையாகச் செய்ய ஆளில்லை. வாரத்துக்கொரு தனிச் சந்திப்பு, தனியாக ஒரு திறன் வகுப்பு, இடையில் தொலைபேசி, சிகிச்சையாளர்களுக்கே ஒரு குழு, இவ்வளவும் வேண்டும். எங்களால் ஏலுமானது இரண்டு கிழமைக்கொரு சந்திப்பும் சில திறன்களும். மணி அடிக்கும்போது முதலில் உடம்பைக் குளிர வைப்பது: வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, குனிந்து, மூச்சைப் பிடித்து முகத்தை அதற்குள் வைப்பது. முகத்தில் குளிர் பட்டால் இதயத் துடிப்பு இறங்கும், அது உடம்பில் உள்ள ஓர் அனிச்சைச் செயல். அப்புறம், ஒருவர் முகத்தைப் படிக்கும்போது வேறு இரண்டு காரணங்களைத் தேடுவது. ஏன் பேசவில்லை? கோபமாக இருக்கலாம். பல்வலியாக இருக்கலாம். கடன்காரன் வந்திருக்கலாம். நானும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன், குனிந்து எழுதுவதற்கு முன் "இப்ப எழுதப் போறன் தங்கச்சி, கோவமில்ல" என்று வாய்விட்டுச் சொல்வேன். இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

இரவில் கொதித்தால் என்ன செய்வது என்பதையும் கொப்பியின் பின் அட்டையில் எழுதிக் கொடுத்தோம். முதலில் கிணறு, பிறகு அம்மம்மாவின் பாயில் போய் அவர் பக்கத்தில் படுப்பது, அதுவும் சரிவராவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம். அது இரவிலும் எடுக்கும், தமிழிலும் பேசலாம்.

வீட்டார் கோயிலில் நூல் கட்டினார்கள். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திக்கு அம்மம்மாவோடு போய் வந்த நாட்கள் அத்தனையும் கலண்டரில் நீலமாகவே இருந்தன.

இப்போது

பதினான்கு மாதம் ஆகிவிட்டது. முதல் மாதக் கலண்டரில் சிவப்புப் புள்ளி 19. போன மாதம் 6. கடைசி ஒன்பது மாதமாகத் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு தடவை, அம்மம்மாவுக்குச் சுகமில்லாமல் போனபோது, எல்லாம் கலைந்து இரண்டு கிழமை கிளினிக்குக்கே வரவில்லை. வேலை இன்னும் ஆடுகிறது. மேரி சனாரினி என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 1992 இல் தொடங்கி 290 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பத்து வருடத்துக்குள் 93 சதவீதமானவர்களுக்கு அறிகுறிகள் தணிந்து குறைந்தது இரண்டு வருடம் அப்படியே இருந்தன. ஆனால் வேலையும் உறவும் சேர்ந்து நிலைத்தவர்கள் பாதிப்பேர்தான். அறிகுறி அடங்கியும் வாழ்க்கை பிந்துவதற்கு, திட்டமிடல் போன்ற திறன்களும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். அதனால் இப்போது சந்திப்பின் பாதி நேரம், நாளைய நாளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதிலேயே போகிறது. தற்போதைய கடையில் ஏழாவது மாதம். அவளுக்கு இது புதிது.

சீட்டுச் சிநேகிதி வீட்டுக்குப் போன மாதம் ஒரு பை மாம்பழத்தோடு போயிருக்கிறாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லையாம். மாம்பழத்தைக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தாளாம்.

கடன் முடியவில்லை. அம்மா திரும்பவும் குவைத்துக்குப் போக வேண்டியிருக்கிறது, ஏஜென்சிக்காரர் ஆவணங்களைக் கேட்டுவிட்டார். இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று அம்மா என்னிடம் தனியாகக் கேட்டார். ஒளிக்காமல், திகதியோடு சொல்லுங்கள் என்றேன். போன புதன்கிழமை மூவரும் உட்கார்ந்து பேசினோம். தங்கச்சியின் கால் ஆடத் தொடங்கியது. எழுந்து வெளியே குழாயடிக்குப் போனாள். நாங்கள் இருவரும் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். முகம் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்து, "எத்தினையாந் திகதி ஃபிளைட்?" என்று கேட்டாள். அம்மா மண்ணிற உறையைத் திறந்தார். உள்ளே இப்போது பாஸ்போர்ட்டும் ஒப்பந்தத் தாளும் இருந்தன. திகதியைப் பார்த்துக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள், கலண்டரில் வட்டம் போட வேண்டும் என்றாள். பிறகு, அம்மா போகும் நாளில் எயார்போர்ட்டுக்குத் தானும் வரலாமா என்று கேட்டாள்.